உப்பளக் கரையில் தெற்கு வானம்

மரக்காணத்தில் உப்புக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்திகள் மூழ்கி, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே ஏரியாகக் கிடக்கும். தை பிறந்ததும் தேங்கிய மழைநீரை வடித்து, வரப்பைச் சீர்செய்து, தரையை மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சத் தொடங்குவார்கள். மாசி, பங்குனியில் பாத்தியில் வெள்ளை பூக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் விளைச்சல் உச்சத்துக்குப் போகும். நடுவே ஒரு கோடை மழை வந்துவிட்டால் விளைந்ததெல்லாம் கரைந்துபோகும். மேகமில்லாத வானம், ஈரம் குறைந்த காற்று, நீண்ட வெயில் இருந்தால் உப்பு விளைந்துவிடும்.

விண்மீன்களைப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஆசைப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து இங்கே வருகிறவர்களுக்கும் தேவை கிட்டத்தட்ட இவைதாம். வெயிலுக்குப் பதிலாக நிலவில்லாத இரவு. வடகிழக்குப் பருவமழை முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கும்போது வானமும் திறக்கிறது. 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் என நவம்பர் இறுதியில் இந்தப் பகுதியில் கரைகடந்த புயல்களை நினைத்துப் பார்த்தால், அந்த மாதங்களில் உப்பும் கிடையாது, விண்மீனும் கிடையாது என்பது புரியும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கேமராவைப் பற்றி. எந்த லென்ஸ், எவ்வளவு விலை, தொலைநோக்கி வேண்டுமா? மரக்காணம் கற்றுத்தரும் பாடமோ வேறு. எந்த மாதம், எந்தத் திசை, காற்றில் எவ்வளவு ஈரம் என்ற மூன்றும் அமைந்தால் கையிலிருக்கும் கைபேசியே போதும். இவை அமையாத இரவில் லட்ச ரூபாய் கேமராவும் சாம்பல் பூசிய வானத்தைத்தான் தரும்.

பன்னிரண்டு டிகிரியில் ஒரு கரை

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பேரூர். வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் சென்னை. தென்தென்மேற்கே 35 கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. மேற்குப் பக்கம் உப்பளங்களும் பக்கிங்காம் கால்வாயும் கழுவேலி ஏரியும். கிழக்கே வங்கக் கடல். இந்த நிலப்படத்தை இரவு வானத்திலும் அப்படியே பார்க்கலாம். வடக்கு அடிவானத்தில் சென்னைப் பக்கத்து ஒளி மங்கலாகத் தேங்கி நிற்கும். தெற்கிலிருந்து சற்று மேற்கே புதுச்சேரியின் ஒளிக்குவியல் எழும். கிழக்கும் தென்கிழக்கும் இருண்டிருக்கும்; அங்கே மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைத் தவிர வேறெதுவும் கிடையாது.

கரை இங்கே நேர் தெற்காக ஓடாமல் கொஞ்சம் மேற்கே சாய்ந்து போகிறது. அதனால் மணலில் நின்று சரியாகத் தெற்கே பார்த்தாலும் எதிரே இருப்பது கடல்தான். வானம் பார்க்கிறவருக்கு இது பெரிய கொடை. காரணம், மரக்காணத்தின் அட்சரேகை: வடக்கே சுமார் 12.2 டிகிரி.

ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில் நிற்கும். இங்கே அது வெறும் 12 டிகிரி. சென்னையின் ஒளித்திரையில் அதைத் தேடிப் பிடிப்பதே சில இரவுகளில் பாடாகிவிடும். ஆனால் வடக்கில் இழந்ததைத் தெற்கில் வட்டியோடு திரும்பப் பெறலாம். தென்துருவத்தைச் சுற்றி 12 டிகிரி ஆரமுள்ள ஒரு சிறு வட்டம் மட்டுமே நம் அடிவானத்துக்கு மேல் ஒருபோதும் வராது. மீதி வானம் முழுவதும் ஆண்டின் ஏதோ ஓர் இரவில் மேலெழும்.

லண்டனிலோ பெர்லினிலோ தொலைநோக்கி வைத்திருக்கும் ஒருவர் வாழ்நாள் முழுக்க வீட்டு மாடியிலிருந்து பார்க்க முடியாதவை இங்கே வெறுங்கண்ணுக்குத் தென்படுகின்றன. அகத்தியர் விண்மீன் தை, மாசி இரவுகளில் 25 டிகிரி உயரத்தில் தெற்கே ஒளிர்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு பத்து மணிவாக்கில் கரினா நெபுலா 18 டிகிரியில் நிற்கும். ஏப்ரல் கடைசியில் அதே நேரத்துக்குத் தென்சிலுவை நிமிர்ந்து கடல்மேல் வந்துவிடும். அதன் அடி விண்மீன் 15 டிகிரி, தலை விண்மீன் 21 டிகிரி. மே மாத நடுவில் ஒமேகா சென்டாரி 30 டிகிரிக்கு ஏறும். சுமார் ஒரு கோடி விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் இந்தக் கோளக்கொத்து நம்மிடமிருந்து சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு ஓரம் கலைந்த ஒரு மங்கல் புள்ளி. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குத் தெளிவான ஒரு பந்து. தொடக்கக்காரர் முதலில் குறிவைக்க இதைவிட நல்ல பொருள் அரிது.

தாழ்ந்த அட்சரேகையின் இந்தச் சாதகத்தைத் தமிழ்நாட்டு வானியல் நெடுநாளாகவே பயன்படுத்தி வந்திருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரெட்டிக்குலம் என்ற தென்வான மண்டலத்திலுள்ள அந்த விண்மீன் சென்னையிலிருந்து பார்க்கையில் 14 டிகிரிக்கு மேல் உயராது. அவர் ஆராய்ந்தது தெற்கு அடிவானத்தை ஒட்டிய, ஐரோப்பிய வானாய்வகங்களுக்கு எட்டாத வானத்தை. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் காவலூரில் 1960களின் இறுதியில் வானாய்வகம் அமைக்க வானியலாளர் வைணு பாப்பு இடம் தேர்ந்தபோதும் தென்வானம் தெரிய வேண்டும் என்பது முக்கியக் காரணமாக இருந்தது. காவலூரின் அட்சரேகை 12.6 டிகிரி. 1986 ஜனவரியில் அங்கே இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி பார்க்கும் வானத்தைத்தான் மரக்காணத்து மணலில் நிற்பவரும் பார்க்கிறார். காவலூருக்கு மலையின் உயரம் உதவுகிறது. மரக்காணத்துக்குக் கடலோர அடிவானம்.

முதலில் கண், பிறகு கேமரா

காரை விட்டு இறங்கியதும் ட்ரைபாட்டை விரிக்கத் தொடங்குவது புதியவர்களின் இயல்பு. அனுபவசாலிகள் முதல் அரைமணி நேரம் எதையும் தொடமாட்டார்கள். விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் முழுத்திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது கைபேசித் திரையை முகத்துக்கு நேரே பிடித்தால் கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். சிவப்பு ஒளி மட்டும் குச்சி செல்களை அதிகம் கலைப்பதில்லை. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது.

குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. அதனால்தான் பால்வீதி கண்ணுக்கு வெளிறிய சாம்பல் பட்டையாகவும், படத்தில் பழுப்பும் இளஞ்சிவப்புமாகவும் தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு, இணையத்தில் வரும் படமெல்லாம் பொய் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. படத்தில் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நிறமே இல்லாத இடத்தில் பூசிவிடுவதில்லை. கண் ஒரு விநாடியில் சிறு பகுதி நேரமே ஒளியைச் சேர்க்கும். சென்சார் 20 விநாடி சேர்க்கும். படங்களில் சில சமயம் அடிவானத்தில் மெல்லிய பச்சை படர்ந்திருக்கும். அது கேமராவின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. சுமார் 95 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் தாமே உமிழும் ஒளி அது. இரவுவானொளி என்று பெயர்.

விண்மீன்களின் பிரகாசத்தை இன்று நாம் எண்களால் சொல்கிறோம். முதல் தர விண்மீன், கண்ணுக்கு எட்டும் கடைசியான ஆறாம் தர விண்மீனைவிடச் சரியாக 100 மடங்கு ஒளி மிக்கது என்றும், ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் 2.512 மடங்கு வேறுபாடு என்றும் 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்ற அவர் 1891இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அன்றிரவு கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய விண்மீன் எத்தனையாம் தரம் என்று குறித்துக்கொள்வதுதான் ஒரு தொடக்கக்காரர் செய்யக்கூடிய முதல் அறிவியல் வேலை. செலவில்லாத வேலையும்கூட.

இருபது விநாடிக்குள் ஒரு வானம்

கேமராவின் தானியங்கி ஃபோகஸ் இருட்டில் முன்னும் பின்னும் ஓடித் தோற்றுவிடும். லென்ஸில் பொறித்திருக்கும் முடிவிலிக் குறியையும் நம்ப முடியாது. வெப்பநிலைக்கு ஏற்ப அது நகர்ந்திருக்கும். நடைமுறை வழி ஒன்றுதான். ஃபோகஸைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றி, சித்திரை போன்ற ஒளிமிக்க விண்மீனைத் திரைக்கு நடுவே கொண்டுவந்து, பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு நடுங்கும். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் பொட்டு சுருங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் ஊசிமுனையாகி, அதைத் தாண்டியதும் மறுபடி உப்பத் தொடங்கும். திரும்பி அந்த ஊசிமுனைக்கே வந்து வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட வேண்டும். பாதி வேலை அங்கே முடிந்துவிடுகிறது.

அடுத்தது நேரம். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் புள்ளிகள் கோடாகிவிடும். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் மனக்கணக்கு எளிது: 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அதிகபட்ச விநாடி. பெரும்பாலான தொடக்கநிலைக் கேமராக்களில் சென்சார் சிறியது. ஆகவே குவியத்தூரத்தை முதலில் ஒன்றரையால் பெருக்க வேண்டும். கேமராவோடு வரும் 18 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 500ஐ 27ஆல் வகுத்தால் சுமார் 18 விநாடி. இன்றைய நுணுக்கமான சென்சார்களுக்கு 500க்குப் பதில் 300 எடுப்பது பாதுகாப்பு.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒரு சலுகை தெற்கே நோக்கும் மரக்காணத்துக்காரருக்கு உண்டு. வான நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன்கள்தாம் வேகமாக நகர்கின்றன. தென்சிலுவை நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி தள்ளி இருப்பதால் அது நகரும் வேகம் பாதிதான். அங்கே குறிவைத்தால் நேரத்தை இரட்டிப்பாக்கலாம். ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, லென்ஸின் வாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, படம் ரா ஃபைலாக, ஷட்டரைத் தொடாமல் இயக்க இரண்டு விநாடி டைமர்: முதல் இரவுக்கு இவ்வளவு போதும்.

கைபேசி வைத்திருப்பவர்களும் இப்போது வெளியாட்கள் கிடையாது. கூகுள் 2019இல் பிக்சல் 4 கைபேசியில் கொண்டுவந்த விண்மீன் படமுறை, சில விநாடிகள் கொண்ட பல படங்களை எடுத்து, நகர்வைச் சரிசெய்து ஒன்றாக்கியது. இன்று நடுத்தர விலைக் கைபேசிகள் பலவற்றில் இதுபோன்ற வசதி இருக்கிறது. கைபேசியை அசையாமல் நிறுத்துவதுதான் முக்கியம்.

கோடுகளாக வருவதைத் தவிர்க்காமல், வேண்டுமென்றே கோடுகளை எடுப்பதும் ஒரு கலை. அதிலும் இந்த ஊருக்குத் தனி முகம் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களில் விண்மீன் தடங்கள் துருவ விண்மீனைச் சுற்றிப் பெரிய வட்டங்களாகச் சுழலும். மரக்காணத்தில் கிழக்கே கடலை நோக்கிக் கேமராவை ஒருமணி நேரம் நிறுத்தினால் தடங்கள் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக, 78 டிகிரி சாய்வில் எழும். அதே கேமராவை வடகிழக்கே திருப்பி வைத்தால் ஸ்ரீஹரிகோட்டாவின் இரவு ஏவல்களையும் பிடிக்கலாம். 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்குப் பி.எஸ்.எல்.வி. சி60 கிளம்பியது போன்ற நாட்களில், வானம் தெளிந்திருந்தால், ராக்கெட் தென்கிழக்காக வளைந்து போகும் பாதை ஒரே படத்தில் பொன்னிற வில்லாகப் பதியும்.

உப்பு, ஈரம், ஒளி

இனி உண்மையான எதிரி. மேகமே இல்லாத மாசி மாதத்து இரவில்கூட மரக்காணத்து வானம் சில சமயம் பால் கலந்தாற்போல் வெளிறிக் கிடக்கும். காரணம் காற்றில் மிதக்கும் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள்களாகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதும் இதே வேதியியல்தான். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் அவசரக்காரர். 33 விழுக்காட்டிலேயே நீரை இழுத்துவிடும். 80 விழுக்காடு ஈரத்தில் ஓர் உப்புத்துகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு விட்டத்துக்கு உப்பிவிடும். விட்டம் இரண்டு மடங்கானால் அது ஒளியை மறிக்கும் பரப்பு நான்கு மடங்கு.

தாழ்வான விண்மீன்களுக்கு இது கூடுதல் அடி. தலைக்கு நேர்மேலே இருக்கும் விண்மீனின் ஒளி கடந்துவரும் காற்றின் தடிமனை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் அது இரண்டு. 15 டிகிரியில் கிட்டத்தட்ட நான்கு. தென்சிலுவையின் அடி விண்மீனைத் தேடுகிறவர் நான்கு வானத்தின் உப்பை ஊடுருவித்தான் பார்க்கிறார். புதுச்சேரியிலிருந்து மேலே போகும் ஒளியையும் இதே துகள்கள் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டும் சேரும்போது விண்மீன் மங்குகிறது, பின்புலம் வெளுக்கிறது.

ஆகவே வானிலைச் செயலியில் மேகத்தின் அளவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது போதாது. ஈரப்பதத்தையும், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையையும் பார்க்க வேண்டும். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடைவெளி இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் லென்ஸில் பனி படியும். தெளிந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுவதால், காற்று பனிநிலைக்கு வருவதற்கு முன்பே கண்ணாடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். பவர் பேங்கில் இயங்கும் சிறு வெப்பப் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டுவது இதற்கு மருந்து.

பால்வீதியின் மையத்தை எடுக்க நினைப்பவரை இந்த ஈரம் இன்னொரு விதத்திலும் சோதிக்கும். மாசித் தொடக்கத்தில் மையப்பகுதி எழுவதே பின்னிரவு இரண்டரை மணிக்கு மேல். அது படமெடுக்கும் உயரத்துக்கு வரும்போது விடியல் நெருங்கிவிடும். ஒரு நாளில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அந்நேரம்தான். ஒவ்வொரு நாளும் விண்மீன்கள் நான்கு நிமிடம் முன்னதாக எழுகின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஏப்ரல் நடுவில் மையப்பகுதி இரவு பத்தே முக்கால் வாக்கில் எழுந்து, இரண்டு மணிக்குள் தென்கிழக்குக் கடல்மேல் 38 டிகிரிக்கு வந்துவிடும். கேட்டையும் மூலமும் அருகில் வழிகாட்ட, சித்திரை, வைகாசி அமாவாசைகளே பால்வீதிக்கு ஏற்ற இரவுகள். உப்பு நன்றாக விளையும் மாதங்களும் அவைதாம்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ட்ரைபாட்டின் கால்களைத் துடைத்து, ஒவ்வொரு கணுவையும் திருகித் திறந்து காயவைக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த மாதம் அந்தக் கணுக்கள் நறநறவென்று மணல் அரைக்கும். திருகாணிகளில் வெண்பச்சைப் பூஞ்சணம் போல் அரிப்பு ஏறியிருக்கும். லென்ஸைத் துணியால் துடைப்பதற்கு முன் காற்றுப்பம்பால் ஊதிவிட வேண்டும். உப்புப்படிகம் ஒட்டிய கண்ணாடியைத் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

பதினாறு படம், நான்கு மடங்கு தெளிவு

ஒற்றைப் படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சலைக் குறைக்க எளிய வழி, ஒரே பகுதியைப் பலமுறை எடுத்து அடுக்குவது. விண்மீனின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சலோ ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில். அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 16 படங்களுக்கு நான்கு மடங்கு தெளிவு, 100 படங்களுக்குப் பத்து மடங்கு. டீப்ஸ்கைஸ்டாக்கர், சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்துவிடும். 2019 மே மாதத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் போட்டுச்செல்லும் கோடுகளும் ஓரிரு படங்களில் மட்டும் இருப்பதால், அடுக்கும்போது பெரும்பாலும் கழிக்கப்பட்டுவிடும்.

நெபுலாக்கள் எதிர்பார்த்த அளவு சிவக்கவில்லையே என்ற ஏமாற்றமும் சகஜம். ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளியின் அலைநீளம் 656 நானோமீட்டர். சாதாரணக் கேமராக்களின் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி, மனிதத் தோலின் நிறம் இயல்பாக வரவேண்டும் என்பதற்காக அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கல்யாண ஆல்பத்துக்கு நல்லது, கரினா நெபுலாவுக்கு நட்டம்.

இப்படிச் சேரும் படங்களுக்கு அழகைத் தாண்டியும் மதிப்பு உண்டு. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை வழக்கத்தைவிட வெகுவாக மங்கியபோது, அதை உலகெங்கும் தொடர்ந்து அளந்தவர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள். அது வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்தது என்பது பிறகு தெரிந்தது. 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு நம் துணைக்கண்டத்திலிருந்து கணக்கு அனுப்பியவர்களில் முன்னோடி, இன்றைய வங்கதேசத்தின் ஜெசூரைச் சேர்ந்த ராதாகோவிந்த சந்திரா. கருவூலத்தில் வேலை பார்த்த அவர் 37,000க்கும் மேற்பட்ட அளவீடுகளை அனுப்பினார். அதை மெச்சி அந்தச் சங்கம் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கடனாகக் கொடுத்தது. அவருக்குப் பிறகு அது வைணு பாப்புவின் கைக்கு வந்து, காவலூரைச் சேர்ந்தது. மாறொளி விண்மீன்களைக் கவனிக்கும் சிறுவனாகத் தொடங்கிய பாப்புவும், 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு புகைப்படத் தட்டில் வால்மீனைக் கண்டுபிடித்தவர்.

பாத்தியில் விழும் வானம்

உப்பளத்துக்கே உரிய படம் ஒன்று உண்டு. காற்று ஓய்ந்த பின்னிரவில் பாத்தியில் சில அங்குலமே நிற்கும் உவர்நீர் அசையாது கிடக்கும். தாழ்ந்த விண்மீன்கள் அதில் புள்ளிகளாகத் தெரியும். இதிலும் ஓர் ஒளியியல் கணக்கு இருக்கிறது. 30 டிகிரி உயரத்திலுள்ள விண்மீனின் ஒளியில் 6 விழுக்காடே நீரில் பட்டுத் திரும்புகிறது. 15 டிகிரியில் அது 20 விழுக்காட்டைத் தாண்டும். தென்சிலுவை தாழ நிற்பது இந்த ஒரு படத்துக்கு மட்டும் நன்மை. இதேபோன்ற பிம்பங்களுக்காகப் பொலிவியாவின் உயுனி உப்புச் சமவெளிக்கு உலகெங்குமிருந்து புகைப்படக்காரர்கள் போகிறார்கள். அங்கே உயரம் 3,600 மீட்டருக்கு மேல். இங்கே கடல் மட்டம். பயணச் செலவு ஒரு பேருந்துக் கட்டணம்.

ஆனால் உப்பளம் ஒருவரின் வயல். குத்தகைதாரரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. வரப்போடு நிற்க வேண்டும். உப்பு பூத்துவரும் பாத்தியில் கால் வைத்தால் சேறு கலந்து அந்த உப்பு வீணாகும். விடியற்காலையிலேயே தொழிலாளர்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள். ட்ரைபாட் அவர்களுக்கு வழிமறிக்காமல் பார்த்துக்கொள்வது குறைந்தபட்ச மரியாதை.

கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். பொரித்துவரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானம் எதுவோ அதுதான் கடல் என்று நம்பி நகரும். கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் போய்ச் சாகும். வெள்ளை டார்ச்சும் காரின் முகப்பு விளக்கும் இந்த மாதங்களில் மணல்பக்கம் திரும்பவே கூடாது.

கழுவேலியை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். வலசை வரும் பறவைகளில் பல இரவில் பறப்பவை. செயற்கை ஒளி அவற்றையும் திசைதிருப்புகிறது. விண்மீனுக்கும் ஆமைக்கும் பறவைக்கும் தேவையான இருள் ஒன்றேதான். அது வேகமாகக் கரைந்துவருகிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் பதிவுசெய்த 51,000க்கும் மேற்பட்ட அளவீடுகளை ஆராய்ந்து 2023 ஜனவரியில் வெளியான ஆய்வு, இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு வெளிச்சமாகிவருவதாகக் கண்டது. 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது அங்கே தெரிவது சுமார் 100தான்.

லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இருள்வானக் காப்பிடமானது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் பன்னாட்டு அங்கீகாரம் பெற்றது. கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசும் அறிவித்திருக்கிறது. மரக்காணத்துக்கு அத்தனை பெரிய ஏற்பாடு தேவையில்லை. கடற்கரைச் சாலையிலும் விடுதிகளிலும் உள்ள விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி தலையைக் கீழே திருப்பினால் போதும். நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி.க்குப் பதில் மஞ்சள் சாயல் விளக்கு. கடலை நோக்கிய விளக்குகளை ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு பத்து மணிக்கு மேல் அணைப்பது. பேரூராட்சியும் சாலையோர விடுதிக்காரர்களும் மனம் வைத்தால் அடுத்த உப்புப் பருவத்துக்குள்ளேயே இதைச் செய்துவிட முடியும், மின்கட்டணமும் மிச்சம்.